இரண்டு அணைகளுக்கு நடுவே ஓர் ஆறு
(ஆறு திரும்பிய கதை – பகுதி 9)

ஆற்றைச் சுத்தம் செய்தவர்களுக்கு 1987-ல் பதக்கம் கொடுத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக முன்கதை. 1977 பிப்ரவரி 27 அன்று மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்தார் பிரதமர் லீ குவான் இயூ. பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் தூண்டில் போட்டு மீன் பிடிக்க முடியவேண்டும் என்று அந்த மேடையிலேயே கெடு வைத்தார். அதற்குப் பதில் வாராவாரம் மீன் வாங்கி ஆற்றில் விட்டால் செலவு குறையுமே என்று ஓர் அதிகாரி கிண்டலடித்ததை லீயே பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கிண்டல் எடுபடவில்லை. கெடு நின்றது.

சுமார் 26,000 குடும்பங்கள் கம்பத்து வீடுகளை விட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்குப் போயின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் காலியாயின. ஏறத்தாழ 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குள் ஏறினார்கள். வீடு வீடாக மலவாளி எடுக்கும் முறை 1987 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. இழப்பீடு நீங்கலாக ஆன செலவு சுமார் 170 மில்லியன் வெள்ளி.

1983-ல் 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு இழுத்துச் செல்லப்பட்டதையும் பார்த்தோம். முகப்பில் இரண்டு கண்கள் தீட்டிய படகுகள் அவை. அவற்றுக்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இதே ஆற்றில் சரக்குத் தோணி தள்ளியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். ஆற்றோடு நமக்கிருந்த தொழில் உறவின் கடைசி நூலும் அந்த வருஷம் அறுந்தது என்பேன்.

நாற்றம் போனது. மீன் வந்தது. தூண்டில்காரர்களும் வந்தார்கள்.

பெரும்பாலான வரலாறுகள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. நமக்கு இது பாதி வழிதான். தண்ணீர் சுத்தமானதே தவிர, அந்தத் தண்ணீர் ஓடிய இடம் ஆறாக இல்லை.

*

ஆற்றைச் சுத்தம் செய்தவர்கள் ஒரு பக்கம், ஆற்றை நேராக நிமிர்த்தி கான்கிரீட் பூசியவர்கள் இன்னொரு பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே அரசாங்கத்தின் கீழ் நடந்தவை. இரண்டுக்கும் நியாயம் இருந்தது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னை மழையைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு வரும். அதுவும் சிணுங்கிப் பெய்கிற மழையில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். 1969 டிசம்பரில் பெருவெள்ளம். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர்.

புக்கிட் தீமாச் சரிவில் விழும் மழைக்கு இறங்கும் வழி ரோச்சோர் கால்வாய். அது தேக்காவை உரசிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் அந்தக் கரையில் மூங்கில் புதர்கள் மண்டிக் கிடந்தன. எருமைகள் சேற்றில் கிடந்து ஊறின. சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் செழித்ததற்கு அந்தத் தண்ணீரும் புல்லும்தான் காரணம் என்பதை நான்காம் பகுதியில் விரிவாகவே சொல்லியிருக்கிறோம். அதே தாழ்வான நிலத்தில் கடைகளும் வீடுகளும் நெருங்கியபோது தண்ணீர் விருந்தாளியாக இல்லாமல் எதிரியாக வந்தது. 1972-ல் புக்கிட் தீமா நீரில் ஒரு பங்கை மேற்கே திருப்பிவிட ஒரு கால்வாய் வெட்டினார்கள். அப்போதும் போதவில்லை.

பொறியாளரின் கணக்கு எளிமையானது. கரடுமுரடான மண்கரை தண்ணீரைத் தடுக்கும். வழவழப்பான கான்கிரீட் தடுக்காது. அகலத்தைக் கூட்டாமலே அதிகத் தண்ணீரை வேகமாகக் கடலில் சேர்க்கலாம். நிலம் பொன்னாக விற்கும் தீவில் இதைவிடக் கவர்ச்சியான கணக்கு வேறென்ன இருக்க முடியும்?

அப்படித்தான் காலாங் ஆறும் நிமிர்ந்தது. கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து பத்து கிலோமீட்டர் ஓடும் இதுதான் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. 1988-ல் பீஷானில் பெரிய பூங்கா அமைத்தபோது அதன் விளிம்பில் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோடாக, கான்கிரீட் தொட்டிக்குள், வேலிக்கு அந்தப் பக்கம் ஓடியது. பூங்கா ஒரு துறைக்கு. கால்வாய் வேறு துறைக்கு. நடுவில் கம்பி.

வெயில் காலத்தில் அந்தத் தொட்டியின் அடியில் கணுக்கால் அளவு நீர், நிழலே இல்லாமல் சுடும். மழை வந்தால் சில நிமிடங்களில் ஆளை அடித்துப்போகும் வேகம். ஒரு மீன் அதில் முட்டையிட வேண்டுமானால் எதன்மேல் இடும்?

*

இந்தக் கேள்வியை வேறு தண்ணீரில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அதற்காகப் பசிபிக்கின் அந்தக் கரைவரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களின் ஓடைகளில் பிறக்கும் சால்மன் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும். ஸ்டீல்ஹெட் என்பதும் அப்படியே கடலுக்குப் போய்வரும் ஒருவகை டிரவுட் மீன். இவற்றுக்குச் சுத்தமான தண்ணீர் மட்டும் போதாது. முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருக்கக் கரையில் மர நிழல் வேண்டும். குஞ்சுகள் வெள்ளத்தில் அடித்துப்போகாமல் ஒதுங்க, விழுந்து கிடக்கும் மரத்தின் பின்னால் ஒரு மடு வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950-களிலும் அதற்குப் பின்னும், மீனுக்கு நல்லது செய்வதாக எண்ணி ஓடைகளில் கிடந்த மரங்களையெல்லாம் அங்கே அப்புறப்படுத்தினார்கள். ஓடை பளிச்சென்று ஆனது, மீன் குறைந்தது. சில பத்தாண்டுகள் கழித்து அதே ஓடைகளில் மரங்களைப் பாரந்தூக்கியாலும் ஹெலிகாப்டராலும் கொண்டுவந்து மறுபடியும் கிடத்தினார்கள். இரண்டு வேலைக்கும் பணம் கொடுத்தவர் வரிகட்டியவர்தான்.

இதைவிடப் பெரிய முடிவுகளும் வந்தன. எல்வா ஆற்றில் 1913-லும் 1927-லும் கட்டிய இரண்டு அணைகளை 2011 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி 2014-ல் முடித்தார்கள். கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024-க்குள் போயின. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே சால்மன் மேலேறிவிட்டது.

எல்வாவில் இடிக்கும் இயந்திரம் அணையில் ஏறிய அதே மாதங்களில், காலாங்கின் கான்கிரீட்டிலும் இயந்திரங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. ஆனால் இங்கே அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

*

2006-ல் பொதுப் பயனீட்டுக் கழகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. நீர்நிலைகள் துடிப்பாகவும் அழகாகவும் சுத்தமாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் சுருக்கம். அதுவரை மக்களை வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்த அமைப்பு, உள்ளே வாருங்கள் என்று அழைத்தது.

காரணம் வெறும் அழகுணர்ச்சியா? நான் அப்படி நம்பவில்லை. தீவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு அப்போதே குடிநீராகப் போகும் ஏற்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஓடும் கால்வாய் இனிக் குடிநீரின் வழி. தான் பார்க்காத தண்ணீரில் யாரும் குப்பை போடத் தயங்கமாட்டார்கள். உட்கார்ந்து ரசிக்கிற தண்ணீரில் தயங்குவார்கள். கணக்குப் பார்க்காமல் சிங்கப்பூர் எந்த அழகையும் உருவாக்கியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பீஷானில் இரண்டு தேவைகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பூங்கா பழசாகிவிட்டது, தேசியப் பூங்காக் கழகம் அதைப் புதுப்பிக்க வேண்டும். கால்வாயின் கொள்ளளவு போதவில்லை, பொதுப் பயனீட்டுக் கழகம் அதைப் பெரிதாக்க வேண்டும். வழக்கம்போல அவரவர் எல்லைக்குள் அவரவர் பணத்தைச் செலவழித்திருந்தால், புதுப் பூங்காவும் இன்னும் அகலமான கான்கிரீட் தொட்டியும் கிடைத்திருக்கும். இந்தத் தொடரும் எட்டாம் பகுதியோடு முடிந்திருக்கும்.

நடுவிலிருந்த வேலியை எடுத்துவிடலாம் என்று இரு கழகங்களும் ஒப்புக்கொண்டதுதான் திருப்பம். வடிவமைப்பு, ஹெர்பர்ட் டிரைசைட்டல் நிறுவிய ஜெர்மானிய நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் கொண்டுவந்த யோசனை: கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைந்து ஓடவிடுவது. கரையைப் பிடித்துநிறுத்தும் வேலையைச் செடியின் வேருக்குக் கொடுப்பது.

பொறியாளர்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கும்.

ஐரோப்பாவில் இது பழைய வித்தை. உயிருள்ள வில்லோக் கிளைகளை வெட்டி, கத்தையாகக் கட்டி, கரைச்சரிவில் வாய்க்கால் போல் கீறிப் புதைப்பார்கள். கிளை துளிர்க்கும், வேர் இறங்கும், மண்ணைக் கவ்வும். ஆனால் வில்லோ குளிர்நாட்டு மரம். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை தூரத்தில், மத்தியான மழை அறையும் மண்ணில், எந்தச் செடி அந்த வேலையைச் செய்யும்? கரையைக் காக்க இந்த முறையைச் சிங்கப்பூர் அதுவரை கையாண்டதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள உள்ளூரில் ஆள் கிடையாது.

*

எனவே 2009-ல் ஒரு சோதனை. முழு ஆற்றில் கைவைக்காமல், பூங்காவின் பக்கவாட்டு வடிகால் ஒன்றில் வெறும் 60 மீட்டர்.

அந்த 60 மீட்டரில் பத்து வகைக் கட்டுமானங்களை அடுத்தடுத்துச் செய்து பார்த்தார்கள். ஓரிடத்தில் கம்பிக்கூடைக்குள் கல்லை அடைத்து அடுக்கி, இடுக்கில் செடி. ஓரிடத்தில் கற்களைக் குவித்து நடுவே உயிர்க்குச்சிகள். ஓரிடத்தில் மண்ணைத் துணியில் பொட்டலம்போல் மடித்துப் படிப்படியாக வைத்து, படிக்குப் படி நாற்று. ஓரிடத்தில் கோரையை வளர்த்துச் சுருட்டித் தண்ணீர் விளிம்பில் வரிசையாக. கிளைக்கத்தைகளும் உண்டு. எல்லாவற்றிலும் இங்கே விளையும் செடிகள்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தார்கள்.

காத்திருந்து பார்க்க வேண்டியது இதுதான்: செடி வேர்விடுவதற்குள் பெருமழை வந்தால் துணி கிழியுமா, மண் கரையுமா? வேர்விட்ட பின் வந்தால் வேர் தாங்குமா? வெப்பநாட்டில் ஒரு சாதகமும் இருந்தது. ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் வேர் இங்கே வருஷம் முழுக்க வளரும். அதுவே ஒரு பாதகமும்கூட. நட்டது வளரும் வேகத்தில் நடாததும் வளரும்.

பத்தில் ஏழு முறைகள் தேறின. அந்த ஏழையும்தான் பெரிய ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். என் கணக்கில் இந்த முழுக் கதையின் திருப்புமுனை, கொடியும் மேடையுமாக நடந்த எந்த விழாவிலும் இல்லை. பேர் தெரியாத ஒரு பக்க வடிகாலின் அந்த 60 மீட்டரில் இருக்கிறது. அங்கே கரை சரிந்திருந்தால் கான்கிரீட் லாரிகள் வந்திருக்கும்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. தொட்டி உடைந்தது. உடைத்த பலகைகளை எங்கோ கொட்டாமல் பூங்காவிலேயே குவித்து ஒரு மேடு ஆக்கினார்கள். இன்று அதன்மேல் ஏறி நின்றுதான் ஆற்றைப் பார்க்கிறார்கள், பழைய கால்வாயைக் காலால் மிதித்துக்கொண்டு. நேராக இருந்த 2.7 கிலோமீட்டர், வளைந்து 3 கிலோமீட்டர் ஆனது. 76 மில்லியன் வெள்ளி செலவில் 62 ஹெக்டர் பூங்கா. 2012 மார்ச் 17 அன்று பிரதமர் லீ சியன் லூங் திறந்துவைத்தார்.

வெள்ளக் கணக்கும் தோற்கவில்லை. முன்பு 17 முதல் 24 மீட்டருக்குள் அடைபட்டிருந்த வெள்ளம் இப்போது பூங்காப் புல்வெளியில் ஏறி 100 மீட்டர் அகலம்வரை பரவும். கொள்ளளவு சுமார் 40 விழுக்காடு கூடியது. சாதாரண நாளில் குழந்தைகள் கால் நனைக்கும் ஓடை, மழை நாளில் பூங்காவையே எடுத்துக்கொள்ளும். மேலே நீர் ஏறும்போதே அபாயச் சங்கு ஒலிக்கும், ஒலிபெருக்கி கூப்பிடும், சிவப்பு அடையாளம் எதுவரை ஏறும் என்று காட்டும். வேலி போட்டுத் தடுத்த இடத்தில் எச்சரித்து அனுப்புகிறார்கள். குடிமக்கள்மேல் அரசு வைத்த நம்பிக்கை ஓரங்குலம் கூடியதாகவே இதை நான் படிக்கிறேன்.

*

இனி விருந்தாளிகள்.

சிங்கப்பூரில் 1970-களோடு காணாமல்போயிருந்த நீர்நாய்கள் 1998-ல் சுங்கை பூலோவில் மறுபடி தலைகாட்டின. 2014 வாக்கில் ஒரு குடும்பம் பீஷான் பூங்காவுக்கே குடிவந்தது. குட்டிகளோடு நடைபாதையைக் கடக்கும் படங்கள் ஊரெல்லாம் பரவின. பிறகு அந்தக் குடும்பம் ஆற்றோடு இறங்கி மரினா குடாவரை போய்ச்சேர்ந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு விலங்கு பயணம் செய்யும் அளவுக்கு ஆறு ஒட்டியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் யாரும் தரப்போவதில்லை.

ஆனால் அதன் வாயில் துடிக்கும் மீன் எது?

பெரும்பாலும் திலாப்பியா, தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அதுதான். ஆப்பிரிக்க மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. இல்லாவிட்டால் தென்னமெரிக்காவிலிருந்து யாரோ வளர்க்கக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டுப்போன வகை. உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் நீர்நாயும் இறக்குமதிச் சாப்பாட்டில்தான் வாழ்கிறது.

ஊர் மீன்கள் எங்கே? நடுத்தீவின் காட்டோடைகளில், குறிப்பாக நீ சூன் சதுப்புக் காட்டில். நிழலும் இலைச்சாறு கலந்த தண்ணீரும் இருந்தால்தான் அவை பிழைக்கும். உலகில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் நண்டு, 1986-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது, புக்கிட் தீமா பக்கத்துச் சில ஓடைகளில் மட்டும் ஒண்டிக்கொண்டிருக்கிறது. பீஷானின் அழகான வளைவுகள் இவற்றுக்கு இன்னும் வெயில் அதிகமான திறந்த வெளி.

ஆகவே பீஷானில் பழைய காலாங் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது புதிதாக வரைந்த ஆறு. நன்றாக வரைந்த ஆறு.

ரோச்சோருக்கு அதுகூட வாய்க்கவில்லை. 2015-ல் அதன் கரையையும் சீரமைத்தார்கள்: நடைபாதை, செடித் தொட்டிகள், மழைநீரை வடிகட்டும் பாத்திகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வரும் நம் தொழிலாளர்கள் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேச நல்ல இடம். அடியில் இருப்பது கான்கிரீட்டேதான். இருபுறமும் சாலை நெருக்கும் இடத்தில் 100 மீட்டர் அகலத்தை யார் கொடுப்பார்கள்? பீஷானுக்கு இருந்தது தொழில்நுட்பம் மட்டுமில்லை, பக்கத்தில் ஒரு பூங்காவும் இருந்தது.

*

இப்போது இந்தப் பகுதியின் தலைப்புக்கு வருவோம்.

1977-ல் லீ குவான் இயூ மீனைப் பற்றிப் பேசியது எந்த இடத்தில்? மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில். காலாங் ஆற்றின் தலைப்பகுதியை மறித்துக் கட்டிய இரண்டாவது அணை அது. முதலாவது, கீழ் பியர்ஸ், 1910-லேயே வந்துவிட்டது. ஆற்றில் மீன் திரும்ப வேண்டும் என்ற பேச்சு அதே ஆற்றை மறித்த அணையின் திறப்பு விழாவில் நடந்தது; அன்று அதில் யாரும் முரண் கண்டதாகத் தெரியவில்லை. குடிதண்ணீருக்கு ஜொகூரை நம்பியிருந்த நாட்டுக்கு அது ஆடம்பரக் கேள்வி.

அது தலைப்பக்கம். கடல்பக்கம்?

பீஷானில் சோதனை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 2008 அக்டோபர் 31 அன்று, காலாங்கும் சிங்கப்பூர் ஆறும் ரோச்சோரும் சேர்ந்து கடலில் கலக்கும் வாயிலில் மரினா அணைக்கட்டு திறந்தது. 350 மீட்டர் நீளம், ஒன்பது எஃகு மடைகள், ஏழு ராட்சதப் பம்புகள். 2010-க்குள் உள்ளே இருந்த உப்புநீர் வடிந்து, ஆற்றுமுகம் நன்னீர் ஏரியாகிவிட்டது. தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இன்று அதில் போய்ச் சேர்கிறது.

காவிரிக்காரர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனுக்கு 1934-ல் மேட்டூர் அணை குறுக்கே நின்றது. கங்கையில் அதே மீனுக்கு 1975-ல் ஃபராக்கா நின்றது. சால்மனுக்காக அணையை இடித்தார்கள் என்றால், அங்கே அந்த மீனை நம்பிப் பழங்குடியினர் இருந்தார்கள், வழக்காட ஒப்பந்தங்கள் இருந்தன, வேறு தண்ணீரும் இருந்தது. இங்கே அப்படி யார் இருந்தார்கள்? காலாங் முகத்தில் படகிலேயே வாழ்ந்த ஓராங் காலாங் மக்களை 1820-களிலேயே ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு அனுப்பியாயிற்று.

மடவை, ஆற்று இறால், விலாங்கு என்று உப்பிலும் நன்னீரிலும் மாறிமாறி வாழும் உயிர்கள் வெப்பநாட்டுக் கழிமுகம் எதிலும் உண்டு. ஆற்று இறால் முட்டை பொரிக்கக் கீழே உப்பு கலந்த நீருக்கு இறங்க வேண்டும், குஞ்சு மறுபடி மேலேற வேண்டும். மேலே பீஷானில் கரையை உடைத்து ஆற்றைத் திறக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் கீழே அதன் வாயை மூடியிருந்தார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே கழகம்தான் பொறுப்பு.

மூடும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அதன் கணக்கில் எதெல்லாம் எழுதப்பட்டது? அந்த ஒன்பது மடைகளும் இறங்கிய பிறகு, கடலுக்கும் காலாங்குக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த உயிர்களுக்கு என்ன வழி விடப்பட்டது?

(தொடரும்)